பத்துக்கு எவ்வளவு

அன்புள்ள உங்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

போனில் பேசும்போது உங்கள் உம்மா பக்கத்திலேயே இருப்பதால் இதை எழுதுகிறேன்.

நேற்று அவருடைய முழங்கால் வலிக்காகக் கண்டி கிளினிக்குக்குப் போனோம். வலி பத்துக்கு எவ்வளவு என்று டொக்டர் வழக்கம்போல் கேட்டார். மாமியும் வழக்கம்போல் "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். மூன்று மாதமாக டொக்டர் அதைச் சுகம் என்றே எழுதி, பழைய குளிசையையே தந்துவந்தார். இம்முறை நான் குறுக்கிட்டேன். நோன்பு மாதத்துக்குப் பிறகு நெற்றியை நிலத்தில் வைத்து சுஜூது செய்ய முடியாமல் கதிரையில்தான் தொழுகிறார், படிகளில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்குகிறார் என்றேன். டொக்டர் மருந்தை மாற்றி, காலுக்குப் பயிற்சியும் காட்டிக்கொடுத்தார்.

வீடு திரும்பும் கலகெதர பஸ்ஸில் மாமி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அல்லாஹ் தந்த வலிய டொக்டர்ட்ட முறையிடுறதா, மகள்?"

"முறைப்பாடு இல்ல மாமி. கேட்டதுக்குப் பதில்."

இன்று காலை அவராகவே பயிற்சியைச் செய்தார்.

இனி அவரிடம் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்காதீர்கள். அதற்கு ஒரே பதில்தான் வரும். இன்றைக்கு எத்தனை படி நடந்து இறங்கினீர்கள் என்று கேளுங்கள்.

என்னிடமும் அப்படித்தான் கேட்க வேண்டும். நீங்கள் கட்டார் போன இந்த நான்கு வருடமும் நானும் "அல்ஹம்துலில்லாஹ்" என்றுதான் சொல்லிவருகிறேன்.

உங்கள் வீட்டிலிருந்து,
உங்கள் மனைவி