நான் போகாத திங்கட்கிழமை

ஜூன் 9, திங்கள்

களப்பயிற்சி இரண்டாம் மாதம். ஆக்குபேஷனல் தெரபி என்று சொன்னால் வேப்பந்தட்டையில் யாருக்கும் புரிவதில்லை. "கைகால் பழக்குற பொண்ணு" என்கிறார்கள்.

வீரமணி அண்ணன் லாரியிலிருந்து விழுந்து தண்டுவடம் அடிபட்டவர். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி கிடையாது. இன்று கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்குத் தானாகவே நகர்ந்துவிட்டார்! என்னைக் கண்ணாடி பிடிக்கச் சொல்லி அவரே சவரம் செய்துகொண்டார்.

புரட்டிப் பார்த்தபோது முதுகின் அடியில் ரூபாய் நாணயம் அளவுக்குச் சிவப்பு. படுக்கைப்புண் இப்படித்தான் தொடங்கும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிவிடும்படி அவர் மனைவி ஜோதி அக்காவிடம் சொன்னேன்.

"நான் களையெடுக்கப் போயிட்டா யாரு புரட்டுறது, மர்ஜியா?"

அடுத்த திங்கள் வந்து பார்க்கிறேன் என்றேன்.

ஜூன் 16, திங்கள்

என் கூடப்பிறந்த ஜாவித் அண்ணன் துபாய் கிளம்பினான். வழியனுப்பத் திருச்சி ஏர்போர்ட் போய்விட்டேன். வேப்பந்தட்டை போகவில்லை.

ஜூன் 17

பயிற்சியை மேற்பார்க்கும் கலையரசி மேடம், வீட்டுக்குப் போய்ப் பார்த்ததற்கான ஃபாரம் கேட்டார். நேற்றைய தேதி போட்டு, 'சிவப்பு குறைந்துள்ளது' என்று எழுதிக் கொடுத்தேன். ஒரு வாரம்தானே.

ஜூன் 23, திங்கள்

வாசலிலேயே நாற்றம். சிவப்பு இருந்த இடத்தில் உள்ளங்கை அளவு குழி. காய்ச்சல் கொதிக்கிறது.

"வலிக்கலன்னாரு. நீ வந்து பாத்து சொல்லுவேன்னு இருந்தோம்" என்றார் அக்கா. 108-க்குப் போன் செய்தேன்.

ஜூலை 4

வீரமணி அண்ணன் இறந்துவிட்டார். ரத்தத்தில் கிருமி.

ஜூலை 7

மேடம் கூப்பிட்டார். "உன் ஃபாரம் சரியா இருக்கு. ஆறிட்டு வந்த புண்ண வூட்டுல கவனிக்காம விட்டுருக்காங்க. வீரமணியோட அண்ணன் வந்து கேட்டாரு, அதையேதான் சொன்னேன்."

நான் தப்பிச்சிட்டேன். அப்ப பழி யார் தலையில?

ஜூலை 14, திங்கள்

போனேன். வேப்பந்தட்டைக்கு, அந்த வீட்டுக்கே.

வீரமணி அண்ணனின் அண்ணன் அரியமுத்து கூடத்தில் நின்று கத்திக்கொண்டிருந்தார். "ஆஸ்பத்திரிப் பேப்பர்லயே இருக்கு. இவதான் புண்ணப் பாக்காம விட்டுக் கொன்னுட்டா!" ஜோதி அக்கா சுவரோரம் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்.

"அந்தப் பேப்பர்ல உள்ள தேதிக்கு நான் வரவே இல்லங்க. வந்ததா பொய்யா எழுதிட்டேன்."

அரியமுத்து என்னைப் பார்த்த பார்வை — அடித்திருந்தால்கூடத் தேவலை. அக்கா எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அங்கிருந்து நேராக மேடத்திடம் போய் அதையே சொன்னேன்.

ஜூலை 21

பயிற்சி ரத்து. ஆறு மாதமும் மறுபடி முதலிலிருந்து.

செப்டம்பர் 12

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் ஜோதி அக்கா. ஒதுங்கிப் போகப் பார்த்தேன். அவரே பக்கத்தில் வந்தார். பாடாலூரில் அம்மா வீட்டோடு இருக்கிறாராம்.

"நீ அன்னிக்கு வந்து சொல்லலன்னா, சாகுற வரைக்கும் நான்தான் கொன்னேன்னு இருந்திருக்கும்" என்றார். பிறகு, "அதுக்காக உன்ன மன்னிச்சிட்டேன்னு நெனச்சிக்காத."

பஸ் வந்தது. ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.