இடுப்பளவுக் காடு

டீச்சர்,

காட்டெலுமிச்சை வாசனை எப்படி வரும் என்று காட்டியவர் நீங்கள்தான். இலையைப் பறித்து உள்ளங்கையில் நன்றாகக் கசக்கி மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனால்தான் தெரியும். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வேனை நிறுத்திக் கதவைத் திறக்கிறேன், கால் இன்னும் தரையில் படவில்லை, அதற்குள் அந்த வாசனை குப்பென்று அடித்தது. கையளவு இலைக்கே அவ்வளவு கசக்க வேண்டும் என்றால், அங்கே எத்தனை செடி கசங்கியிருக்கும்!

உங்கள் காட்டில் பாதி இல்லை, டீச்சர். ஜேசிபியை விட்டு வழித்துப் போட்டிருந்தார்கள். மனை போடுகிறவன் யாரும் செய்யவில்லை. உங்களுக்கு நினைவு வனம் வைக்கிறோம் என்று சொல்லி நம் வகுப்புக்காரர்களே செய்தார்கள். அந்த ஜேசிபியை ஏற்பாடு செய்து கொடுத்த அறிவாளி நான். சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிட்டேன். இனி நீங்கள் கேட்டாலும் சரி, கேட்காவிட்டாலும் சரி.

நாலு வருஷத்துக்கு முன்னால் நான் வெறும் டிரைவர். செங்கல்பட்டில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் வேலை பார்க்கிற ஒரு அம்மா ஞாயிறு காலையில் பெரியவர்களுக்குக் காட்டு வகுப்பு எடுக்கிறார், வண்டி வேண்டும் என்று நாவலூர் கம்பெனிக்காரர்கள் கூப்பிட்டார்கள். திருப்போரூர் வழியாக ஏற்றிக்கொண்டு வந்து காப்புக்காட்டை ஒட்டிய அந்த ஊர்ப் பொதுநிலத்தில் இறக்கிவிடுவேன். அவர்கள் உள்ளே போவார்கள். நான் சீட்டைச் சாய்த்துத் தூங்குவேன். இரண்டாவது வாரம் கண்ணாடியைத் தட்டினீர்கள்.

"இன்னா அண்ணாத்த, தூங்கறதுக்கா இம்மாந்தூரம் வந்தீங்க? வூட்ல தூங்கினா ஆவாதா? எறங்குங்க."

எனக்கு வந்ததே கோபம். என்னைவிடப் பத்து வயது சின்னவர், என்னை அதட்டுகிறார். "டீச்சர், நான் பொறந்து வளந்ததே இந்த முள்ளுலதான். ஆட்டுக்கு ஒடிச்சிப் போட்டது, வேலிக்கு வெட்டினது எல்லாம் இந்தக் காரைச் செடியத்தான். எனக்கு இன்னாத்துக்கு கிளாஸு?" என்றேன்.

"வெட்டினீங்க, சரி. பாத்தீங்களா?"

இறங்கினேன்.

உங்கள் வகுப்பில் முதல் நாள் பாடமே கிடையாது. ஆளுக்கொரு புதரைப் பிடித்துக்கொள்ள வேண்டும்; உங்களுக்கு ஒரு காட்டெலுமிச்சை. அதன் பக்கத்தில் ஒரு மணி நேரம் வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டும். போன் எல்லாம் என் வேனில் இருக்கும். அடுத்த வாரமும் அதே புதர். அதற்கும் அடுத்த வாரமும் அதே. பெயர் கேட்டால் சொல்லமாட்டீர்கள். "மொதல்ல அத்த நல்லாப் பாருங்க, பேரு எங்கயும் ஓடிப்போவாது" என்பீர்கள். எனக்கு வாய்த்தது ஒரு காரை. ஐந்தாம் வாரமோ ஆறாம் வாரமோ அதன் அடியிலிருந்து ஒரு கௌதாரி தன் குஞ்சுகளை வரிசையாகக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தது. "டீச்சர்! டீச்சர்!" என்று எழுந்து நின்று கத்திவிட்டேன். அத்தனையும் பறந்தும் ஓடியும் மறைந்தன. நீங்கள் என்னை முறைத்த முறைப்பு இருக்கிறதே! அப்புறம் நீங்களே சிரித்துவிட்டீர்கள். ஐம்பது வயதுக்கு மேல் ஒருவன் முள்செடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கண்கலங்குவான் என்று யாராவது சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

ஏன் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தரக்கூடாது என்று ஒருநாள் கேட்டேன். "பசங்களுக்கு ஆயிரம் பேரு சொல்லித் தராங்க. நெலத்த விக்கறவன், ரோடு போடறவன், கையெழுத்துப் போடறவன்லாம் யாரு? பெரியவங்கதானே? அவங்களுக்குத்தான் அறிவு வரணும்" என்றீர்கள். எங்களுக்கு வந்த அறிவின் லட்சணத்தைத்தான் இப்போது சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பிரசாத்தை நினைவிருக்கும் உங்களுக்கு. நாவலூர் கம்பெனியில் மேனேஜர், வகுப்பின் வாட்ஸ்அப் குழுவை நடத்துகிறவன். முதல் வருஷமே கேட்டான், "மேடம், இதெல்லாம் எப்ப மரமாகும்?" என்று. "ஆவாது. இது இடுப்பளவுக் காடு. குள்ளமா கீதுன்னா காடு இல்லாம பூடுமா? நான்கூடத்தான் குள்ளம், என்னிய டீச்சர் இல்லன்னு சொல்வியா?" என்று சிரித்துக்கொண்டே சொன்னீர்கள். நெம்மேலியில் அவ்வளவு பெரிய ஆலை வைத்துக் கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்குகிறார்கள், இந்த முள்ளு மழைத் தண்ணீரை ஓசைப்படாமல் பிடித்து ஏரிக்கு அனுப்புகிறது, அதற்கு ஒருத்தனும் மரியாதை தருவதில்லை என்று மட்டும் ஒருமுறை கோபப்பட்டீர்கள். மற்றபடி எல்லாமே சிரிப்புதான். உங்கள்மேல் எனக்கு இருக்கிற வருத்தமும் அதுதான், டீச்சர். அன்றைக்கே அவனை நாலு வாங்கு வாங்கியிருந்தால் அவன் மண்டையில் ஏறியிருக்கும். சிரித்ததால் அவன் அதை வேடிக்கைப் பேச்சு என்று எடுத்துக்கொண்டான். நானும்தான்.

போன கார்த்திகையில் டெங்கு என்று ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்தீர்கள். அந்த வாரம் முழுக்க மழை. வகுப்பு இல்லை என்று குழுவில் செய்தி வந்தது, நான் மழைக்காக என்று நினைத்தேன். மறுநாள் மாலை போட்ட உங்கள் படத்தைப் போட்டிருந்தார்கள்.

இந்த ஆடியில் பிரசாத் போன் செய்தான். டீச்சர் பெயரில் மரக்கன்று வைக்கப்போகிறோம், ஊர்த் தலைவரிடம் அனுமதி வாங்கிவிட்டோம், குழி எடுக்க ஒரு ஜேசிபி வேண்டும் என்றான். எந்த இடத்தில் என்று நான் கேட்டேனா? கேட்கவில்லை. குழுவில் அவன் போட்டிருந்த நீளமான செய்தியைப் படித்தேனா? அதுவும் இல்லை. பதிலுக்குக் கும்பிடுகிற கைப் படம் ஒன்றைத் தட்டிவிட்டேன், அவ்வளவுதான். என் மச்சான் செல்வத்திடம் ஜேசிபி இருக்கிறது. அவனைக் கூப்பிட்டு, "டீச்சர் காரியம்டா மச்சான். அவங்க இன்னா சொன்னாலும் செஞ்சி குடு" என்றேன். அந்தச் சனிக்கிழமை எனக்கு ஏர்போர்ட் டூட்டி. செல்வம் அவர்கள் சொன்னதைச் செய்து கொடுத்துவிட்டான்.

ஞாயிறு காலை போய்ப் பார்த்தால் சாமியானா, மைக், உங்கள் முகம் அச்சடித்த பனியன் போட்ட கும்பல். வரிசையாகக் கன்றுகள்: வேம்பு, புங்கம், மகிழம். ஒரு ஓரத்தில் வேரோடு பிடுங்கிய காரையும் களாவும் சூரையும் ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடந்தன. நீங்கள் உட்காருகிற அந்தக் காட்டெலுமிச்சை எங்கே என்று தேடினேன். குவியலில்தான் இருந்தது, வேர் வானத்தைப் பார்த்துக்கொண்டு. செல்வம் ஜேசிபி மேலிருந்து, "மாமா, மீதியையும் மத்தியானத்துக்குள்ள முட்ச்சிடலாம்" என்கிறான் உற்சாகமாக.

பிரசாத் ஓடி வந்தான். "அண்ணா, முள்ளெல்லாம் கிளீன் பண்ணியாச்சு. டீச்சருக்கு ஒரு நிஜமான காடு வளரப்போகுது."

"மூணு வருசமா இன்னாத்தடா பாத்துகினு ஒக்காந்திருந்தே?" என்று கத்தினேன். மைக் பக்கத்தில் இருந்ததால் எல்லாருக்கும் கேட்டது. "உன் பொதரு எங்கடா? காட்டு! உன்னுது எங்க, உன்னுது?" ஒவ்வொருவராகப் பார்த்துக் கேட்டேன். இரண்டு பேர் குவியலைத் திரும்பிப் பார்த்துவிட்டு அழ ஆரம்பித்தார்கள். அழுதால் முளைக்குமா? நான் போய் ஜேசிபிக்கு முன்னால் நின்றுகொண்டேன். "ஏத்துடா, என் மேல ஏத்திட்டு அப்புறம் மீதிய வழி" என்றேன். செல்வம் இன்ஜினை நிறுத்தினான். அதோடு அவன் அக்காவிடமும் சொல்லிவிட்டான், எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று.

இதையெல்லாம் சாமியானாவின் கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார். உங்கள் அம்மா. முதல் கன்றை நடுவதற்காக அழைத்து வந்து, மடியில் ஒரு மகிழங்கன்றைக் கொடுத்து உட்கார வைத்திருந்தார்கள். பக்கத்தில் போனேன். அவர் கன்றைக் கீழே வைத்தார்.

"எம் பொண்ணு ஞாயித்துக்கெழமையானா சோறு ஆக்கக்கூட இல்லாம இந்த முள்ளுக்குள்ள வந்து ஒக்காந்துக்குவா. நான் திட்டுவேன். ஒரு நாளாவது கூட வந்து பாத்தனா? அவ ஒக்காந்த பொதர காட்டு, தம்பி."

குவியலைக் காட்டுவதா, டீச்சர்? எனக்கு மனசு வரவில்லை. மிச்சம் இருந்த பாதிக்குள் கூட்டிப்போய் என் காரையைக் காட்டினேன். "இதுதாம்மா" என்றேன். அவர் முள்ளைப் பார்க்காமல் கையை உள்ளே விட்டுத் தண்டைத் தடவினார். கீறி ரத்தம் வந்தது. துடைக்கவும் இல்லை.

வழித்த பாதியில் யாரும் எதுவும் நடக்கூடாது என்று ஊர்த் தலைவரிடம் நானே போய்ச் சண்டை போட்டு எழுதி வாங்கினேன். பிரசாத் குழுவை விட்டுப் போய்விட்டான். வகுப்பு நடக்கிறது; ஆறேழு பேர்தான் வருகிறார்கள். ஞாயிறு தவறாமல் உங்கள் அம்மாவையும் வேனில் கூட்டிவருகிறேன். முன் சீட்டில்தான் உட்காருவார். வழியெல்லாம் அந்த மிஷினை அனுப்பியவனைத் திட்டிக்கொண்டே வருவார். அவன் கை வெளங்குமா, அவன் வூடு வெளங்குமா என்று. நான் ரோட்டைப் பார்த்து ஓட்டுவேன். போன வாரம் தாங்க முடியவில்லை. "நான்தாம்மா அனுப்புனேன்" என்றேன். இறங்கும்போது கதவைக்கூடச் சாத்தாமல் போனார்.

இனி வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். ஆனாலும் இன்று காலை போய் ஹாரன் அடித்தேன். வந்தார். முன் கதவைத் தாண்டிப்போய்க் கடைசி சீட்டில் உட்கார்ந்தார். திட்டவே இல்லை. திட்டியிருக்கலாம், டீச்சர். காட்டில் இறங்கி, என்னைத் திரும்பிப் பார்க்காமல் நேராக அந்தக் காரையிடம் போய் உட்கார்ந்து, உங்கள் பெயரைச் சொல்லி மெதுவாக ஏதோ பேச ஆரம்பித்தார்.

அந்தப் புதர் உங்களுடையது இல்லை என்பதை மட்டும் அவரிடம் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். கோபம் இருந்தால் என்மேல் வைத்துக்கொள்ளுங்கள்.