இரண்டாம் கல்லில் சாய்த்து வைத்த சைக்கிள்

அக்கா,

பனைநார் ஊறிக்கொண்டிருக்கிறது. காலையில் அகலச் சட்டியில் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன். மதியத்துக்குள் வீடு முழுவதும் அந்தப் பச்சை வாடை, லேசாகப் புளித்த வாடை. வருஷத்துக்கு ஒரு முறை, மழை விட்டதும், சைக்கிளின் பின்சக்கரத்துக்கு நீங்கள் நார்வலை பின்னுவீர்கள், சேலை சிக்காமலிருக்க. இந்த வருஷம் நான் பின்ன வேண்டியிருக்கிறது. இரண்டு முறை பின்னி இரண்டு முறையும் அவிழ்த்துவிட்டேன். உங்கள் முடிச்சு எனக்கு வரவில்லை.

இறந்தவர்களுக்குக் கடிதம் எழுதுவதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. நீங்கள் மேலே உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருப்பதாகப் போதகர் சொல்கிறார். நீங்கள் ஓரிடத்தில் உட்காருகிறவர் அல்ல என்பது அவருக்குத் தெரியாது. ஆனாலும் எழுதுகிறேன். பள்ளிக் கமிட்டியிலிருந்து ஒரு காகிதம் வந்திருக்கிறது. அதில் உங்களைப் பற்றி ஒரு பொய் இருக்கிறது.

‘நம் சகோதரியானவர் முதிர்ந்த வயதில் சைக்கிள் மிதித்து உடல் தளர்ந்து மரித்ததை முன்னிட்டு’ என்று அது தொடங்குகிறது. இனிப் பெண்கள் யாரும் ஆற்றங்கரைப் பள்ளிகளுக்குச் சைக்கிளிலோ கால்நடையாகவோ போகக் கூடாதாம். ஆண்துணையோடு மாட்டுவண்டியில் போகலாமாம். வண்டி மாதம் ஒரு முறைதான் கிடைக்கும். அது தோதுப்படாவிட்டால், நானும் ஐம்பதை நெருங்குவதால், அந்த மூன்று பள்ளிகளையும் விட்டுவிட்டுப் பாளையங்கோட்டைக்குள்ளேயே ஓய்வாக இருக்கலாமாம். அடியில் என் கையெழுத்துக்கு ஒரு கோடு போட்டிருக்கிறார்கள்.

அந்தச் சைக்கிள் நமக்கு வந்த நாளை நினைத்துக்கொண்டேன். பள்ளிகளை நடத்திவந்த வெள்ளைக்கார மிஸ்ஸியம்மா சீமைக்குத் திரும்பும்போது நம் இருவருக்கும் பொதுவாக விட்டுச் சென்றார். உங்களுக்கு ஐம்பத்தாறு வயது, தையல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தீர்கள். எனக்கு நாற்பத்திரண்டு, மதராஸில் வாங்கிய பட்டத்தைப் பெட்டியில் வைத்துக்கொண்டு பள்ளிகளை மேற்பார்த்துக்கொண்டிருந்தேன். விடியற்காலையில், யாரும் வருமுன், பள்ளி மைதானத்து மணலில் பழகினோம். நான்தான் முதலில் விழுந்தேன். எழுந்து சேலையைத் தட்டுவதற்குள் நீங்கள் ஏறி, நீங்களும் விழுந்தீர்கள்.

மணலில் உட்கார்ந்தபடியே சொன்னீர்கள்: “பி.ஏ.வும் விழுதா, தையக்காரியும் விழுதா. இந்த மண்ணுக்கு ஆள் தராதரமே தெரியல, ஏட்டி!”

நான் சிரிக்கவில்லை. எனக்கு முழங்கை சிராய்ந்திருந்தது.

ஆட்கள் இரண்டு, சைக்கிள் ஒன்று. என்ன செய்வது என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போதே நீங்கள் வழி கண்டுபிடித்துவிட்டீர்கள். சீவலப்பேரிச் சாலையில் இரண்டாவது மைல்கல் வரை நீங்கள் மிதிப்பீர்கள். அங்கே வண்டியைக் கல்லில் சாய்த்துவிட்டு மேலே நடப்பீர்கள். பின்னால் நடந்து வரும் நான் அதை எடுத்து மிதித்து, வழியில் உங்களைத் தாண்டி, நாலாவது கல்லில் சாய்த்துவிட்டு நடப்பேன். இப்படி மாறி மாறி. போக வரக் கணக்குப் பார்த்தால் இருவரும் பாதி மிதித்தோம், பாதி நடந்தோம். மாட்டுவண்டிக்கு முன்னால் போய்ச் சேர்ந்தோம்.

ஒரே ஒரு சட்டம் வைத்தீர்கள். சாய்த்து வைத்த பிறகு திரும்பிப் பார்க்கக் கூடாது. நீங்கள் ஒருநாளும் பார்த்ததில்லை. நான் ஒவ்வொரு முறையும் பார்த்தேன். மரம் மறைக்கும் வரை பார்த்தேன்.

அப்புறம் அந்தப் பரீட்சை நாள். கடைசிப் பள்ளிக்கு, ஆறாவது கல்லுக்குப் போகவேண்டும். நான் இரண்டாவது கல்லுக்கு வந்தபோது சைக்கிள் அங்கே இல்லை. யோசிக்க எனக்கு அதிக நேரம் ஆகவில்லை. அந்த இடத்தில் சாலை இறக்கம். இறக்கத்தில் நீங்கள் மிதிப்பதை நிறுத்திக் கால்களைத் தூக்கிக்கொண்டு போவதை நான் பார்த்திருக்கிறேன். அந்தச் சுகத்தில் கல்லைத் தாண்டிப் போய்விட்டீர்கள் என்று முடிவு செய்தேன். வெயிலில், கோபத்தோடு நடந்தேன்.

நாலாவது கல்லுக்குச் சற்று முன்னால் வாய்க்கால் மதகில் உட்கார்ந்து தண்ணீரில் கால் நனைத்துக்கொண்டிருந்தீர்கள்.

“வண்டிய எங்கட்டி?”

“நீங்க வச்சிருந்தால்லா அக்கா எடுக்கதுக்கு?”

“வச்சேனே.”

“நானும் பார்த்தேனே. அங்கன ஒண்ணும் இல்ல.”

“அப்ப நான் பொய்யா சொல்லுதேன்?”

“பொய்னு சொல்லல. இறக்கத்துல போற சுகத்துல மறந்திருப்பீக.”

நீங்கள் ஈரக் காலைச் சேலையில் துடைத்துக்கொண்டீர்கள். எழுந்து நடந்தீர்கள். மீதித் தூரமும் நீங்கள் பத்தடி முன்னால், நான் பத்தடி பின்னால். வேகமாக நடந்து உங்களைப் பிடிக்க என்னால் முடியவில்லை. நீங்கள் என்னைவிடப் பதினாலு வயது மூத்தவர்.

பள்ளி வாசலில் சைக்கிள் நின்றது. பக்கத்தில் ஒரு பெரியவர், வயற்காட்டு ஆள், தலைப்பாகையை அவிழ்த்து வேர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“வாத்தியாரம்மா மறந்து விட்டுட்டுப் போயிட்டாகளேன்னு தூக்கியாந்தேம்மா. வயக்காட்டு வழியா குறுக்க வந்துட்டேன்.”

குறுக்கே வந்தாலும் மூன்று மைலுக்குக் குறையாது. தலையில் வைத்து.

“உருட்டிட்டு வந்திருக்கலாமே பெரியவரே?” என்று கேட்டேன்.

“உருட்டுனா சக்கரம் தேஞ்சு போகும்லா?”

நீங்கள் சிரித்த சிரிப்பில் பரீட்சைக்கு உட்கார்ந்திருந்த பிள்ளைகள் எழுந்து ஜன்னலுக்கு ஓடி வந்துவிட்டார்கள். பெரியவரும் சிரித்தார், எதற்கென்று தெரியாமல். என்னால் முடியவில்லை. மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். அதுவும் எனக்கு வராது என்பது உங்களுக்குத் தெரியும்.

திரும்பி வரும்போது இரண்டாவது கல்லருகில் நின்று சொன்னீர்கள்: “நீ படிச்சவ, சந்தேகப்படு. கமிட்டியச் சந்தேகப்படு. கர்த்தரக்கூடச் சந்தேகப்படு, அவரு தாங்குவாரு. கூட நடக்கிறவ தாங்க மாட்டா.”

அதற்குப் பிறகு அந்தச் சாலை முழுவதற்கும் நம் வழக்கம் தெரிந்துபோயிற்று. வண்டிக்காரர்கள், நாற்று நடுகிறவர்கள், ஆடு மேய்க்கிறவர்கள் எல்லோரும் “வாத்தியாரம்மா வண்டி, தொடாதலே” என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். ஏழு வருஷத்தில் ஒருவரும் தொடவில்லை. நான் மட்டும் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

காகிதத்தைக் கொண்டுவந்தவர் கமிட்டிச் செயலாளர். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர், நல்ல மனிதர்தான். நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டு, “உங்க நல்லதுக்குத்தான் சொல்லுதோம். வயசாயிட்டுல்லா?” என்றார்.

“உங்களுக்கு என்ன வயசு அண்ணாச்சி?”

“அறுபத்தொண்ணு முடிஞ்சுட்டு.”

“இங்கன எதுல வந்தீக?”

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். என் வீட்டுச் சுவரில் அவருடைய சைக்கிள் சாய்ந்து நின்றது.

“அது வேற. நான் ஆம்பளை.”

“அது உங்க சைக்கிளுக்குத் தெரியுமா?”

உங்கள் கேலிதான், அக்கா. கேட்காமல் எடுத்துக்கொண்டேன். அவர் காப்பியைக் குடிக்காமல் எழுந்து போனார்.

நீங்கள் செத்தது காய்ச்சலால். டாக்டரம்மாவின் சீட்டு என்னிடம் இருக்கிறது. படுப்பதற்கு முந்தின வாரம்கூடக் கொக்கிரகுளம் பாலம் வரை நடந்துபோய், ஆற்றில் புதுத்தண்ணீர் வந்ததைப் பார்த்துவிட்டு வந்தீர்கள். அதே காய்ச்சலில் நம் தெருவில் இன்னும் இரண்டு பெண்கள் போனார்கள். கோயிலைத் தவிர வேறெங்கும் நடந்தறியாதவர்கள். அவர்கள் எந்தச் சைக்கிளை மிதித்தார்கள் என்று கமிட்டி எழுதவில்லை.

இப்போது நானும் எழுதிவிட்டேன். முதல் வரியில் அந்தப் பொய்யை அடித்து, மேலே ‘காய்ச்சலால்’ என்று எழுதி, திருத்தத்துக்குப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். அவர்கள் போட்ட கோட்டைக் காலியாக விட்டேன். வேலை போனாலும் போகட்டும். போகும் வரை மூன்று பள்ளிகளும் என்னுடையவை. யுத்தம் வந்ததிலிருந்து டயர் கிடைப்பதில்லை. ஒட்டுமேல் ஒட்டுப் போட்டிருக்கிறேன். தாங்கும் வரை மிதிப்பேன், அப்புறம் நடப்பேன்.

இதை எழுதும் நடுவில் எழுந்துபோய் வலையையும் மூன்றாம் முறை பின்னி முடித்துவிட்டேன். முடிச்சு உங்களுடையது மாதிரி இல்லை. முண்டும் முடிச்சுமாக இருக்கிறது. இழுத்துப் பார்த்தேன், அவிழவில்லை.

நாளை புதன்கிழமை. செயலாளர் அண்ணாச்சி வயல் பார்க்க அந்தச் சாலையில் வரும் நாள். இரண்டாவது கல் வரை மிதித்துப்போய் சைக்கிளை அங்கே சாய்த்துவிட்டு, மீதியை நடக்கப்போகிறேன். நீங்கள் வந்து எடுப்பீர்கள் என்று நான் நம்பவில்லை, அக்கா. அவர் அதைப் பார்க்கட்டும். நாம் இன்னும் இந்தச் சாலையில்தான் இருக்கிறோம் என்று தெரிந்துகொள்ளட்டும். மாலையில் நான் வரும்போது அது அங்கேயே நிற்கும்.

திரும்பிப் பார்க்க மாட்டேன்.