அரைப் பேரும் மாடி அறையும்

தை 10, புதன். பூனாகலைத் தேயிலைத் தோட்டம், இலங்கை.

தூறல். மூடுபனி. திருச்சியிலிருந்து கப்பலும் ரயிலும் வண்டியுமாக வந்து சேர்ந்து ஒரு நாள்தான். காது இன்னும் கடகடவென்கிறது.

அத்தை வீடு, தோட்டக் கூலிகளின் வரிசை வீடான லயத்தில் நான்காவது அறை. அத்தை, மாமா, மூன்று பிள்ளைகள், இரண்டு கோழிகள், இப்போது நான். கால் நீட்டினால் அடுப்பு. சோறு மட்டும் அமிர்தம்.

பதுளையில் இங்கிலீஷ் பள்ளிக்கூடம். திங்கள் காலை பெயர் கொடுக்க வேண்டும். தலைமை ஆசிரியர் கடிதத்தில் கறாராக எழுதியிருக்கிறார்: டவுனில் தங்க இடமும், இடம் கொடுத்தவர் கையெழுத்தும் வேண்டும், இல்லையேல் வகுப்பில் உன் இடம் வேறொருவனுக்கு. அப்பா சொன்னது: "நம்மவங்க வீடாப் பாத்துத் தங்கு." பார்க்கலாம்.

தை 11, வியாழன்

விடியுமுன் தப்படிக்கும் சத்தம். எல்லாரும் பெரட்டுக்கு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்புக்கு, ஓடினார்கள். வேடிக்கை பார்க்க நானும் போனேன், மாமாவின் கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு. குளிருக்காக வரிசையில் நெருங்கி நின்றதுதான் தப்பு. கணக்கப்பிள்ளை எண்ணிக்கொண்டே வந்து என் பெயரைக் கேட்டார். சொல்லிவிட்டேன்! தோட்டத்து ஆள் கணக்கான செக்ரோலில் ஏறிவிட்டது.

அத்தை காதில்: "பேசாம நில்லுடா. வெளி ஆளு லயத்துல தங்குனா தொரை சத்தம் போடுவாரு."

அடுத்த நிமிடம் கையில் கவ்வாத்துக் கத்தி, தேயிலைச் செடியின் கிளைகளை வெட்டிவிட. நான் வெட்டிய செடியைப் பார்த்து கங்காணி நெஞ்சில் கை வைத்தார். "ஏப்பா, செடி ஒனக்கு என்ன பாவம் செஞ்சுச்சு?" மத்தியானத்தோடு அனுப்பிவிட்டார்கள். அரை நாள் வேலைக்கு அரைப் பேர், அதாவது பாதிக் கூலி, விழுமாம். உள்ளங்கையில் நான்கு கொப்புளம். லயமே சிரித்தது, நானும்தான்.

தை 12, வெள்ளி. பதுளை.

வெயில்! அதிகாலை வண்டி. நாள் முழுக்க அறை தேடினேன்.

பள்ளி விடுதி: கட்டில் காலி இல்லை.

கோயில் மடம்: மூன்று நாள்தான் தங்கலாம். அதற்குள் ஒரு சாமியாரின் குறட்டை வேறு.

ஆற்றங்கரையில் ஒரு சிங்கள அம்மா வீடு: நல்ல அறை. நான் பேசியது அவருக்குப் புரியவில்லை, அவர் பேசியது எனக்கு. இரண்டு வாழைப்பழம் கொடுத்து வாசல்வரை வந்து வழியனுப்பினார். அறை உண்டா இல்லையா, இன்னும் தெரியாது.

காதர் நானா கடை மாடி (முஸ்லிம் அண்ணனை இங்கே நானா என்கிறார்கள்): ஜன்னல், மேசை, விளக்கு. பக்கத்து அறையில் கருவாட்டு மூட்டை. நான் சைவம். ஆனால் ஜன்னலைத் திறந்தால் மலை, மலைக்கு மேல் மேகம். மூக்கை விட்டுவிட்டுக் கண் ஒப்புக்கொண்டது. நானாவும் சரி என்றார், கையெழுத்துக்குப் பேனாவை எடுத்தார்.

என் வாய் சும்மா இருந்ததா? பெரட்டுக் கதையைச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னேன். நானா பேனாவை வைத்துவிட்டார்.

"தம்பி, செக்ரோல்ல பேர் ஏறின ஆள, தோட்டத்த விட்டுப் போகலாம்னு தொரை குடுக்கிற சீட்டு இல்லாம வச்சிருந்தா பொலிஸ் என்னத்தானே புடிக்கும். தொரைகிட்ட சீட்டு வாங்கிட்டு வாங்க. அறை ஒங்களுக்குத்தான்."

இன்றிரவு மடம், சாமியார். பயமாக இருக்கிறது. அரை நாள் வேடிக்கைக்குப் படிப்பே போய்விடுமோ?

தை 13, சனி

திரும்பவும் பூனாகலை. வழியெல்லாம் மழை. அத்தை என்னைப் பார்த்ததும் அழுதாள், பிறகு திட்டினாள், பிறகு சோறு போட்டாள்.

தை 14, ஞாயிறு

மாமாவோடு துரை பங்களா. மாமா செருப்பைக் கழற்றி வாசலிலேயே நின்றுவிட்டார். துரை தமிழில் ஆரம்பித்தார்: "நீ ஏன் ஓடி போச்சு?"

ஓடவில்லை, படிக்கப் போனேன் என்று இங்கிலீஷில் சொன்னேன். குரல் நடுங்கியது, இலக்கணம் நடுங்கவில்லை. கொப்புளத்தைக் காட்டச் சொன்னார். பார்த்தார். நான் வெட்டிய செடியைப் பற்றி ஏற்கெனவே கேள்விப்பட்டிருக்கிறார்! விழுந்து விழுந்து சிரித்துவிட்டு எழுதிக் கொடுத்தார். தமிழில் சொன்னால் இவ்வளவுதான்:

"அரைப் பேர். கத்தி பிடிக்கத் தெரியாது. தானே திரும்பி வந்து கேட்டான். போகலாம்."

மாமா அதை மடித்து என் சட்டைப் பைக்குள் வைத்து, மேலே இரண்டு முறை தட்டினார். கம்பளியையும் என்னிடமே கொடுத்துவிட்டார். அவருக்கு இருந்தது அது ஒன்றுதான். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. வண்டி ஏறியபின் கொஞ்ச நேரம் அழுதேன்.

தை 15, திங்கள்

நானா சீட்டை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். தலைமை ஆசிரியர் நடத்தைச் சான்று கேட்டார். இருந்தது அந்தச் சீட்டு ஒன்றுதான், நீட்டினேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார். "தானே திரும்பி வந்தாயா?" என்றார். பதிவேட்டில் என் பெயர்.

கணக்கு, வரலாறு, லத்தீன். லத்தீன் கவ்வாத்தைவிடக் கொஞ்சம் சுலபம்.

அப்பாவுக்குக் கடிதம் எழுத வேண்டும். நானாவைப் பற்றி எல்லாம் எழுதுவேன். கருவாட்டைப் பற்றி மூச்சுவிட மாட்டேன்.

சாயங்காலம் கடைக்குள் நுழைந்ததும் நானா தராசிலிருந்து தலை நிமிர்த்தினார்.

"என்ன தம்பி, இண்டைக்கும் அரைப் பேர்தானா?"

"முழுப் பேர், நானா."