கண்மாயில் நான் நீட்டிய கை

இன்று காலை மலைக்குக் கீழிருந்து கோரைப்பாய்க் கட்டு வந்தது. வழியில் மழை பிடித்திருக்கிறது. கட்டை அவிழ்த்ததும் ஈரக்கோரை வாசம் கடை முழுக்கப் பரவியது. செய்த வேலையை விட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நீ போய் ஐந்து மாதமாகிறது. உனக்காக நான் இன்னும் அழவில்லை. முதலில் கோபம் தீரட்டும் என்று காத்திருக்கிறேன். அது தீர்கிறபாடாக இல்லை.

நீ துரை ஆபீஸ் குமாஸ்தா. நான் கோடைக்கானல் பஜாரில் மளிகைக்கடைக்காரன். மார்கழி பிறந்தால் நமக்குக் கால் நிற்காது. அடுக்கம் பாதையில் இறங்கி, அங்கே தெரிந்தவர் வீட்டில் தங்கி, விடியும்போது அடிவாரக் கண்மாய்க்கரையில் இருப்போம். எங்கிருந்தோ வந்திறங்கும் கிளுவை வாத்துகளைப் பார்க்க. "கறிக்கும் இல்லாம விக்கவும் இல்லாம வாத்தை வேடிக்கை பாக்கப் போறானுக" என்று பஜாரே சிரித்தது. கண்ணாடி போட்டும் உனக்கு அக்கரை மங்கல்தான். ஆனால் இறக்கைச் சத்தத்தை வைத்தே என்ன பறவை என்று சொல்லிவிடுவாய். "என் காதும் உன் கண்ணும் சேந்தாத்தான் ராவுத்தரே ஒரு முழு ஆளு" என்பாய்.

அந்தக் கடைசி மார்கழியில் நீ வழியெல்லாம் பேசவே இல்லை. குளிர் என்று நினைத்துக்கொண்டேன். கண்மாயில் பனி விலகியதும் கிளுவைகள் தெரிந்தன, கோரை ஓரமாக, கூட்டமாக.

"எந்தப் பக்கம் கெடக்கு?" என்று கேட்டாய்.

"தெக்கால, மடைக்குக் கிட்ட."

"கையை நல்லா நீட்டிக் காட்டு."

கை அசைந்தால் பறவை கலையும் என்று எனக்கு அடிக்கடி சொன்னவனே நீதான். இருந்தாலும் நீ கேட்டாய் என்று நீட்டினேன். கரைக்குப் பின்னாலிருந்து துப்பாக்கி வெடித்தது. ஒன்றல்ல, இரண்டு. உன் துரையும் அவர் விருந்தாளியும்.

தண்ணீரில் இறங்கி எடுத்து வரச் சொன்னார் துரை. நான் உன் முகத்தைப் பார்த்தேன். "சும்மா எறங்கு. அப்புறம் சொல்றேன்" என்றாய். இறங்கினேன். இடுப்பளவு தண்ணீரில் ஒன்பது கிளுவைகளைப் பொறுக்கினேன். ஒன்றுக்கு இன்னும் உயிர் இருந்தது. அதன் நெஞ்சு என் உள்ளங்கையில் அடித்துக்கொண்டது. நீதான் வாங்கிக் கழுத்தைத் திருகினாய். துரை உன் முதுகில் தட்டிவிட்டு மோட்டாரில் ஏறிப் போனார்.

மலை ஏறும்போதுதான் சொன்னாய். உன்னை மதுரைக்கு மாற்றி உத்தரவு வந்திருந்தது. உன் மனைவிக்கு, நான் தங்கச்சி என்று கூப்பிடுகிறவளுக்கு, நெஞ்சு நோவு. கீழே இறங்கினால் வருஷம் தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். துரை மனசு வைத்தால் உத்தரவு ரத்தாகும். துரைக்கு வேட்டைப் பைத்தியம். என் கை நீளும் பக்கம் சுடச் சொல்லி அவரைக் கரைக்குப் பின்னால் நிறுத்தியிருந்தாய்.

"என்கிட்ட சொல்லியிருந்தா நானே வந்து காட்டியிருப்பேன்ல?" என்று கத்தினேன்.

"மாட்டே. உன்னை எனக்குத் தெரியும்" என்றாய்.

அதோடு நம் பேச்சு நின்றது. உன் மாற்றல் ரத்தாயிற்று. ஏழு வருஷம் ஒரே பஜாரில் எதிரும் புதிருமாக நடந்தோம். கண்மாய்க்கு நீயும் போகவில்லை, நானும் போகவில்லை. கேட்டிருந்தால் நான் காட்டியிருப்பேனா? எனக்கே தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ளவிடாமல் செய்துவிட்டாய் பார், அதற்குத்தான் உன்மேல் ஆத்திரம். வாத்துக்காக அல்ல. என்னைக் கேட்கத் தகுந்த மனிதனாக நீ நினைக்கவில்லை.

கடைசியில் காய்ச்சலில் போனவன் நீ. தங்கச்சி அல்ல. உன் ஜனாஸாவுக்கு, உங்கள் வழக்கில் எடுப்புக்கு, தெருமுனை வரை வந்து திரும்பிவிட்டேன்.

போன வாரம் தங்கச்சி கடைக்கு வந்தது. சாமானை வாங்கிக்கொண்டு நின்றது.

"அண்ணே, மார்கழி வந்தா அவரு உங்க கடைப் பக்கமே பாத்துக்கிட்டு நிப்பாருங்க. உங்க ரெண்டு பேருக்கும் என்னதாங்க ஆச்சு?"

"ஒண்ணுமில்லம்மா. கடைச்சோலி. நேரம் ஒழியல" என்றேன்.

நம்பவில்லை. ஆனால் மேலே கேட்கவுமில்லை. கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு சர்ச் மேட்டில் ஏறியது. ஒரு இடத்தில்கூட மூச்சு வாங்க நிற்கவில்லை. உச்சி தாண்டும்வரை பார்த்துக்கொண்டே நின்றேன். உன்னை நான் மன்னிக்கவில்லை. அந்தக் கண்மாய்க் கதையைத் தங்கச்சியிடம் ஒருநாளும் சொல்லவும் மாட்டேன்.