பாதி வார்த்தைக்குப் பதில்

என் அன்பு அக்கா,

உன் மகன் வாய் திறந்துவிட்டான். சந்தோஷச் செய்திதான், ஆனால் பயந்துகொண்டேதான் இதை எழுதுகிறேன்.

எக்ஸ்போர்ட் கம்பெனி இன்டர்வியூவுக்காக நீ படித்தாயே, இங்கிலீஷில் எப்போதும் ஜோடியாகவே வரும் வார்த்தைகள். நிறைமாத வயிற்றோடு சமையலறை வாசற்படியில் உட்கார்ந்து, டம்ளரைத் தட்டி முதல் வார்த்தையைச் சொல்வாய். ஹாலிலிருந்து நான் அதன் ஜோடியைச் சொல்ல வேண்டும். ஹெவி என்றால் ரெயின். ஸ்ட்ராங் என்றால் டீ. "உள்ளே இருக்கறவனும் கேட்டுட்டுத்தான் இருக்கறான் கண்ணு" என்று சிரிப்பாய்.

பிரசவத்தில் நீ போன பிறகு, இந்தத் துடியலூர் வீட்டில் யாரும் அந்த விளையாட்டை எடுக்கவே இல்லை. எனக்குத் தைரியம் வரவில்லை.

மூன்று வயதாகியும் அவன் எங்களிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. காது நன்றாகக் கேட்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மச்சான் கோயில் கோயிலாக ஏறி இறங்கினார்.

போன வாரம் ஒரு மத்தியானம், அந்த வாசற்படியைப் பார்த்து உட்கார்ந்திருந்தவன் "ரெயின்" என்றான். கொஞ்சம் பொறுத்து, "டீ" என்றான். படியில் யாரும் இல்லை. மாவு கரைத்துக்கொண்டிருந்த அம்மா கையை நிறுத்திவிட்டாள்.

"ஏங்கண்ணு, யாருகிட்டப் பேசறே?"

அவன் திரும்பவே இல்லை. அடுத்ததற்குக் காத்திருந்தான். டிவியில் கேட்டிருப்பான் என்கிறார் மச்சான். டிவியில் கேட்டவன் எதற்கு வாசலைப் பார்க்க வேண்டும்?

நேற்று "ஹோம்" என்று சொல்லிவிட்டு எழுந்து, அந்த வாசலை நோக்கி நடந்தான். அதற்கு முன்னால் நீ என்ன சொன்னாய் அக்கா, "கம்" என்றா? எனக்கு உயிரே போய்விட்டது. ஓடிப்போய்த் தூக்கிக்கொண்டேன். என் தோளுக்கு மேலாக அவன் கை அங்கேயே நீண்டிருந்தது.

"உடு அம்மணி, அவ பையனை அவ பாத்துப்போட்டுப் போறா" என்று அம்மா அழுதாள்.

பார்த்துக்கொள், நான் தடுக்கவில்லை. கூப்பிடாதே.

இன்று காலை உன் இடத்தில் நானே உட்கார்ந்து டம்ளரைத் தட்டினேன். "ஹெவி" என்றேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பக்கத்தில், காலியாக இருந்த இடத்தைப் பார்த்தான், சொல்லலாமா என்று கேட்பதுபோல. பிறகுதான் என் பக்கம் திரும்பி "ரெயின்" என்றான்.

நீ தலையாட்டினாயா?

இனிமேல் தினமும் முதல் வார்த்தையை நான் சொல்கிறேன், இது சத்தியம். நீ பக்கத்திலேயே உட்கார்ந்துகொள். பேசாமல் மட்டும் இரு அக்கா.

உன் தங்கச்சி,
உன் மகனுக்குச் சித்தி