கேட்காமல் வந்தவர்கள்

அத்தை,

வீடு முழுக்கச் சாத்துக்குடி வாசம். அம்மா சிம்மக்கல் பழக்கடையிலிருந்து ஒரு பை நிறைய வாங்கி வந்து மேசையில் வைத்திருக்கிறாள். எதிர் வீட்டு அக்கா ஆபரேஷன் முடிந்து நேற்றுத்தான் வீட்டுக்கு வந்தார். போய்ப் பார்க்க வேண்டுமாம். எனக்கோ உங்கள் கட்டிலுக்கு அடியில் பை பையாகக் கிடந்த பழங்கள்தான் நினைவுக்கு வந்தன. வாயெல்லாம் புண்ணாக இருந்த உங்களால் அதில் ஒரு சுளைகூடத் தின்ன முடியவில்லை.

சென்னையிலிருந்து மதுரைக்கு வந்து எங்கள் வகுப்பில் சேர்ந்த பெண் ஒருத்தி, "உங்க ஊர்ல எல்லாரும் எவ்வளவு பிரியமா பேசுறாங்க" என்று தினமும் சொல்கிறாள். ஆமாம் என்று சொல்லத்தான் வாயெடுக்கிறேன். அதற்குள் உங்கள் நினைவு வந்துவிடுகிறது.

சென்னையில் மேடவாக்கம் வீட்டில் நீங்கள் தனியாக இருந்து கீமோ சிகிச்சை எடுத்துக்கொண்டபோது, ஒரு நாள் காலை குளியலறையில் வழுக்கி விழுந்து மதியம் வரை அங்கேயே கிடந்தீர்கள். சுவருக்கு அந்தப் பக்கம் டிவி ஓடும் சத்தம் கேட்டதாம். கூப்பிட்டும் யாரும் வரவில்லை. கடைசியில் நீங்களே தவழ்ந்து போய்ப் போன் செய்ததும், அப்பா அன்று இரவே கிளம்பிப் போய் உங்களை மதுரைக்கு அழைத்து வந்துவிட்டார். "அங்க யாரும் எதுவும் கேக்க மாட்டாங்கடி. அதுதான் எனக்குப் பெரிய நிம்மதியா இருந்துச்சு, விழுற வரைக்கும்" என்று என்னிடம் சொன்னீர்கள்.

இங்கே வந்ததும் எல்லாரும் எல்லாவற்றையும் கேட்டார்கள். ரத்தத்தில் அணுக்கள் குறைந்துவிட்டன, சின்னத் தொற்றுகூட ஆபத்து, யாரையும் பக்கத்தில் விடாதீர்கள் என்று டாக்டர் சொன்னதை வாசலிலேயே எழுதி ஒட்டினேன். ஒரு முழுத்தாள் நிறைய, காரணங்களோடு, என்னுடைய நல்ல கையெழுத்தில். மறுநாள் சொந்த ஊர் எழுமலையிலிருந்து பெரியப்பா வந்தார். கூடவே வேன் நிறைய சொந்தக்காரர்கள். தாளின் முன்னால் நின்று ஒரு வரி விடாமல் சத்தமாக வாசித்தார்.

"பாப்பா எழுதுனதா? அச்சடிச்ச மாதிரில்ல இருக்கு."

"பெரியப்பா, அதுல யாரும் உள்ள வரக்கூடாதுன்னு..."

"அது வெளியாளுகளுக்கு எழுதுனது, ஆத்தா. நம்ம என்ன வெளியாளா?"

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்விட்டார். பின்னால் வந்த ஒவ்வொருவரும் என் கையெழுத்தைப் பாராட்டிவிட்டுத்தான் உள்ளே போனார்கள்.

கட்டிலைச் சுற்றி நின்றுகொண்டு என்னவெல்லாம் கேட்டார்கள். எம்புட்டுச் செலவாச்சு, அந்த வீட்ட இனி என்ன செய்யப் போற, அப்பவே ஒரு கல்யாணத்தப் பண்ணியிருந்தா இப்படித் தனியா கெடப்பியா. ஒரு சித்தி, "முடி பூராம் கொட்டிருச்சாமே, அந்தத் துண்டக் கொஞ்சம் எடு, பாப்போம்" என்றார். அவர் கண்ணில் நிஜமாகவே நீர் நின்றது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருக்கிறது. அது நடிப்பாக இருந்திருந்தால் சுலபமாக வெறுத்திருப்பேன். எல்லாரும் போன பிறகு, "டிக்கெட்டு போட்டிருந்தா மருந்துச் செலவாவது தேறியிருக்கும்" என்றீர்கள். சிரிக்கும்போதே மூச்சு வாங்கியது.

நான் அப்பாவிடம் சண்டை போட்டேன். "வந்தவங்கள எப்படிம்மா போகச் சொல்றது?" என்றார். திரும்பத் திரும்ப அதையேதான் சொன்னார். நீங்கள் சென்னைக்கே கொண்டுபோய் விடச் சொன்னீர்கள். "அங்க தண்ணி குடுக்கக்கூட ஆள் கிடையாது" என்று மறுத்துவிட்டார். அவர் சொன்னதிலும் பொய் இல்லை.

சில நாளில் உங்களுக்குக் காய்ச்சல் கண்டது; அது யாரிடமிருந்து ஒட்டியது என்று டாக்டர்களாலும் சொல்ல முடியவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போன நீங்கள் திரும்பவில்லை. துக்கத்துக்கும் அதே ஆட்கள்தான் வந்தார்கள். பந்தல் போட்டதும், எங்களை அதட்டிச் சாப்பிட வைத்ததும், அப்பாவைத் தனியே விடாமல் ராத்திரியெல்லாம் கூட உட்கார்ந்திருந்ததும் அந்தப் பெரியப்பாதான். யார் மேல் கோபப்படுவது, அத்தை? முழுதாகக் கோபப்படக்கூட இந்த ஊர் என்னை விடவில்லை.

அதற்குப் பிறகு மேடவாக்கத்திலிருந்து உங்கள் எதிர் வீட்டம்மா உங்கள் போனுக்குக் கூப்பிட்டார். நான்தான் எடுத்தேன். "வெளியில வச்ச செடிக்கெல்லாம் நான் தண்ணி ஊத்திட்டு இருக்கேன். கேக்காம செஞ்சிட்டேன், தப்பா எடுத்துக்காதீங்க" என்றார். செய்தியைச் சொன்னேன். "அவங்களுக்கு உடம்பு சரியில்லன்னு தெரியும்மா. கேட்டா தொந்தரவா இருக்குமோன்னு விட்டுட்டேன்" என்றார். எனக்கு அவர் மேலும் கோபம் வந்தது. செடி வாடுவதைப் பார்த்த கண்தானே அது?

இன்று அம்மா பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். நான் அவளை நிறுத்திவிட்டு எதிர் வீட்டுக்குப் போன் போட்டேன்.

"அக்கா, உங்களப் பாக்க வரலாமா? இல்ல, தூங்கணுமா?"

அக்கா பதறிவிட்டார். "ஏன்டி, அம்மாவுக்கு என் மேல எதுவும் வருத்தமா?"

"அதெல்லாம் இல்லக்கா. உங்களுக்கு எப்ப வசதின்னு கேக்கத்தான்."

அக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நாளைக்கு வாங்கடி. இப்ப ரூம் பூராம் ஆளு. தையல் போட்ட எடம் வலிக்குது, எல்லாரும் இருக்கயில எப்படிப் படுக்குறதுன்னு உக்காந்திருக்கேன்" என்றார்.

அம்மாவுக்குக் கோபம். "எதுத்த வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்டுட்டுப் போறதா? யாரு உனக்கு இதெல்லாம் சொல்லிக் குடுத்தா?"

யாரும் சொல்லித் தரவில்லை. நீங்கள் நோயில் கிடந்தபோது, ஆயிரம் கேள்வி கேட்ட இந்த ஊரும் சரி, ஒன்றுமே கேட்காத அந்த ஊரும் சரி, 'வரலாமா?' என்ற இந்த ஒன்றை மட்டும் உங்களிடம் கேட்கவில்லை. இனி எந்த வீட்டு வாசலிலும் நான் முதலில் கேட்பது அதுவாகத்தான் இருக்கும். என்னைத் திமிர் பிடித்தவள் என்று சொன்னாலும் சொல்லிக்கொள்ளட்டும்.